லக்கேஜ் / பின் சீட்டு

ஏனுங்க, அந்த மெத்தையை எடுக்காதீங்க. அது என்னுதுங்க. பார்க்கச் சின்னப் பசங்க தலைகாணியாட்டம் இருக்கும், ஆனா அதும்மேல உக்காந்தாத்தான் நான் வால்பாறை போய்ச் சேர முடியும். டாக்டர் குடுத்தது. நீங்க ஜன்னலோரம் போயிருங்க. எனக்கு இந்த ஓரந்தான் தோது, காலை நீட்டிக்கலாம். இடுப்புல பெல்ட் கட்டியிருக்கறனுங்க, அக்கட்ட இக்கட்டத் திரும்ப முடியாது. நான் முன்னாடி கண்ணாடியைப் பார்த்துட்டே பேசறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க.

பஸ் ஏறி இருபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. பொள்ளாச்சி ஸ்டாண்டுல வால்பாறை வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டதுக்கு அந்தக் கண்டக்டர் என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான். ஹெல்மெட் எங்க அண்ணான்னு கேட்டுப் போட்டுச் சிரிக்கறான். மூஞ்சியில ரெண்டு விட்டிருப்பேன், இடுப்பு விடலை.

நீங்களும் ஜாக்கெட்டைத்தான் பார்க்கறீங்க. பாருங்க. பத்தாயிரம், இருபத்தஞ்சாயிரம், அம்பதாயிரம். எல்லாம் நான் ஓட்டின கிலோமீட்டருக்குத் தைச்ச பேட்ஜுங்க. இந்தா, இந்த நடு நெஞ்சுல நூல் பிசிறு தெரியுதுங்களா? இங்கதான் ஒரு லட்சம் இருந்துச்சு. அதை எடுத்துட்டாங்க. யாரு எடுத்தான்னு சொல்றேன்.

என்ற பேரு குழந்தைவேலுங்க. கோயமுத்தூர் கணபதியில பம்ப்செட் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கறேன். ஆனா கடைப் பேரைச் சொன்னா எவனுக்கும் தெரியாது. நொய்யல் ரைடர்ஸ் குழந்தைவேலுன்னு கேளுங்க, அவிநாசி ரோட்டுல பஞ்சர் ஒட்டறவன்கூடச் சொல்லுவான். பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி நான் ஆரம்பிச்ச கிளப்பு. அறுபது மெம்பருங்க, அறுபதும் வஜ்ரம் 500 பைக்கு. வேற கம்பெனி வண்டின்னா உள்ளயே விட மாட்டேன். அந்தச் சத்தம் இருக்குதே, தெருமுனையில திரும்பறப்பவே வீட்டுல காபி போட்டுருவாங்க.

இப்ப எதுக்கு வால்பாறை போறேன்னு கேக்கறீங்களா? என்ற சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறனுங்க. அவ பேரு சாந்தாமணி. பத்து நாளாச்சு வீட்டை விட்டுப் போயி. சண்டை போட்டுட்டெல்லாம் போகலைங்க. அப்படிப் போயிருந்தாப் பரவால்லை, ஒறம்பரை, சொந்தக்காரங்க நாலு பேரை வச்சுப் பேசிக் கூட்டிட்டு வந்திருப்பேன். இவ வேலைக்குப் போயிருக்கறா. என்ன வேலைன்னு கேக்காதீங்க. சரி, கேளுங்க. பைக்குல பின்னாடி உக்கார்ற வேலை.

சிரிக்காதீங்க! எல்லாரும் இப்படித்தான் சிரிக்கறாங்க.

எல்லாத்துக்கும் காரணம் அந்த வண்டிதானுங்க. அந்த வீணாப்போன வண்டி. எட்டு வருசமா வஜ்ரம் கம்பெனி புது வண்டி விடலை. எட்டு வருசம் காத்துக் கெடந்தோம். அவன் ஒரு நாள் இருட்டுல லைட்டு மட்டும் தெரியறாப்பல ஒரு போட்டோ விட்டான். அவ்வளவுதான், எங்க குரூப்புல ரெண்டு நாள் யாரும் வேலைக்குப் போகலை. லைட்டைப் பெருசு பண்ணிப் பார்க்கறது, டேங்கு எப்படியிருக்கும்னு பேப்பர்ல வரையறது. எங்க செயலாளர் சிகா, தெய்வசிகாமணின்னு பேரு, கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோவைக்கூட அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

அப்புறம் கோயமுத்தூர்லயே புது வண்டித் திறப்பு விழா. பெரிய மண்டபம். குடும்பத்தோட வரச் சொல்லிக் கார்டு வந்துச்சு. சரி நீயும் வான்னு சாந்தாமணியையும் கூட்டிட்டுப் போனேன். புகை விட்டாங்க, மேளம் அடிச்சாங்க, துணியை இழுத்தாங்க.

என்னன்னு சொல்றது! முன்னாடி இந்த அகலத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. ரெண்டு பக்கமும் எருமைக் காதாட்டம் மிரர். பின்னாடி பொட்டி, பக்கத்துக்கு ஒண்ணு. கைப்பிடி சூடாகுமாம், குளிர்ல போறவனுக்கு. கோயமுத்தூர்ல எவனுக்குடா கை வெறைக்குது? ஸ்டார்ட் பண்ணினான், சத்தமே இல்லை. மிக்ஸி ஓடறாப்பல ஒரு சத்தம். பேரு என்ன தெரியுங்களா? வஜ்ரம் யாத்ரா. யாத்ராவாம்! ஸ்போர்ட்டும் டூரிங்கும் ஒண்ணாச் சேர்ந்த வண்டின்னு மைக்குல ஒருத்தன் வெளக்கம் குடுக்கறான்.

அதெல்லாங்கூட மன்னிச்சிருப்பேன். பின் சீட்டு இருக்குது பாருங்க. அரையடி உசரத்துக்கு மெத்தை. அதுக்கு முதுகு சாயறதுக்குத் திண்டு. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக் கம்பி. கால் வைக்கத் தனியா அகலமாத் தகடு. முன்னாடி ஓட்டறவனைவிட ஒசரத்துல உக்கார வச்சிருக்கறான், தேர்ல சாமியை வச்சாப்பல. வண்டியோட வால்ங்கறது எப்படி இருக்கோணும்? மெலிஞ்சு, மேல ஏறி, கூராப் போகோணும். அதுதானுங்க வண்டிக்கு அழகு. நாங்கெல்லாம் வஜ்ரம் 500 வாங்கின ஒடனே என்ன பண்ணுவோம் தெரியுங்களா? நேரா உக்கடத்துல சீட்டுக் கடை பாய்கிட்டப் போய்ப் பின் சீட்டை வெட்டுவோம். நாலு இஞ்ச் ஸ்பாஞ்சை ஒண்ணரை இஞ்ச் ஆக்கிருவோம். சீட்டு வெட்டாதவன் எங்க கிளப்புல போட்டோவுக்கே நிக்க முடியாது. நான் வெட்டறப்ப அந்தப் பாய், அண்ணா பின்னாடி ஆள் உக்காரோணுமேன்னு கேட்டாரு. உக்காருவா, நீங்க வெட்டுங்கன்னேன். மிரரையுங் கழட்டிட்டோம். முன்னாடி போறவனுக்குப் பின்னாடி எதுக்குங்க?

அந்தச் சீட்டுல அவ ஒரு வார்த்தை சொல்லாம உக்காந்து வந்தாளுங்க. தனுஷ்கோடி, கோகர்ணம், ஹம்பி. பதினாலு வருசம். எங்க கிளப்புல ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு பாரம் நிரப்போணும். பேரு, வண்டி நம்பரு, ரத்த வகை. கடைசிக் கட்டத்துல 'லக்கேஜ் / பின் சீட்டு'ன்னு இருக்கும். அதுல நான் 'ஒரு பை, சாந்தாமணி'ன்னு எழுதுவேன். பாரத்தை அடிச்சவன் அப்படி அடிச்சுட்டான், எடம் பத்தலைன்னு. அதை ஒரு குத்தமா இத்தனை வருசம் கழிச்சு எடுத்துப் பேசறாங்க. பேட்ஜு ஓட்டறவங்களுக்குத்தான். பின்னாடி உக்கார்றவங்களுக்கு எதுக்குப் பேட்ஜு, சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு? அறுபது பேர் ஜாக்கெட்டுக்கும் பேட்ஜு தைச்சுக் குடுத்தது சாந்தாமணிதான். வீட்டுல தையல் மெஷின் இருக்குது. அவளே ஒரு நாளும் கேட்டதில்லை எனக்கு ஒண்ணுன்னு.

நாலு வருசத்துக்கு முன்னாடி கோகர்ணத்துல இருந்து திரும்பி வர்றப்ப, சத்தியமங்கலத்துகிட்ட டீக்கு நிறுத்தினோம். ஸ்டாண்டு போட்டுட்டு நான் எறங்கிப் போயிட்டேன். டீ வந்துருச்சு. இவ வண்டியில இருந்து எறங்கவே இல்லை. அம்மிணி, வா, ஆறிப்போகுதுங்கறேன். உக்காந்தே இருக்கறா. கிட்டப் போய்ப் பார்த்தா கண்ணுல தண்ணி. கால் வரலைங்கறா. ரெண்டு பேர் தூக்கித்தான் எறக்கினோம். அன்னைக்கு குரூப் போட்டோ எடுக்க முடியாமப் போச்சு, வெளிச்சம் போயிருச்சு.

டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். முதுகெலும்புல டிஸ்க் நழுவிருச்சு, இனி பைக்குல உக்காரக் கூடாதுன்னுட்டாரு. பொம்பளைங்களுக்கு நாப்பது தாண்டினா கால்சியம் கொறையுமுங்க, அதான். நாலு வருசமா நிம்மதியா வீட்டுல இருந்தா. நான் ரைடு போயிட்டு வருவேன், அவ பேட்ஜு தைப்பா. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு.

திறப்பு விழாவுக்கு வர்றனுங்க. நாங்கெல்லாம் இஞ்சினைச் சுத்தி நின்னு தலையில அடிச்சுக்கிட்டு இருக்கறோம். சிகா அழுதே போட்டான். திரும்பிப் பார்த்தா, இவ சேலையை லேசாத் தூக்கிப் புடிச்சுட்டு அந்தத் திண்டு வச்ச சீட்டுல ஏறி உக்காந்திருக்கறா. உக்காந்தவ எறங்கலை. பத்து நிமிசம், அரை மணி நேரம். பக்கத்துல கம்பெனிக்காரப் பொண்ணு ஒண்ணு, நஃபீஸான்னு பேரு. அந்தச் சீட்டைப் பண்ணின இஞ்சினியரே அவதானாம். அவ கேக்கறா, அம்மா எவ்வளவு தூரம் பைக்குல போயிருக்கீங்கன்னு. இவ யோசிக்கவே இல்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டருங்கறா! அது என்ற கணக்குங்க. பேட்ஜு தைச்சுத் தைச்சு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கறா.

அடேயப்பா, அப்படின்னா நெறையா ஊரு பார்த்திருப்பீங்களேங்குது அந்தப் பொண்ணு. அதுக்கு இவ சொன்னதைக் கேளுங்க.

"எல்லா ஊரும் போனேன் கண்ணு. பார்த்ததெல்லாம் இவரு முதுகுதான்."

சுத்தி நின்னவன் பூராச் சிரிச்சான். நானுஞ் சிரிச்சேன். ஆனா உள்ள எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? பதினாலு வருசம் பெட்ரோல் போட்டு இந்தத் தென்னாட்டையே சுத்திக் காட்டினவனுக்கு இதுதானா மருவாதி?

அன்னைக்குத் திரும்பி வர்றப்ப கார்ல சொல்றா, "ஏனுங்க, அத்தனை நேரம் உக்காந்திருந்தேன், கால் மரத்துப் போகவே இல்லீங்க." நின்ன வண்டியில உக்காந்தா எவளுக்கு மரத்துப் போகும்னேன். அப்புறம், "நாம அதை வாங்கலாமுங்களா?" கல்யாணமாகி இருபத்துநாலு வருசத்துல வண்டியைப் பத்தி அவ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டது அதுதானுங்க. கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு இப்ப ஞாபகமில்லை. திட்டியிருப்பேன். அப்படிக் கோவத்துல இருந்தேன்.

மறுநாள் சிகா செல்லுல வீடியோ புடிக்க, நான் பேசினேன். என்ற வண்டிப் பக்கத்துல நின்னுட்டு, வெட்டின சீட்டைத் தட்டிக் காட்டி. "டேய் வஜ்ரம், உனக்கு வெக்கமாயில்லையா? எட்டு வருசம் காத்திருந்ததுக்கு சோபா செட்டைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறே! பின்னாடி சாமியாரையா ஏத்திட்டுப் போறது?" அப்படின்னு ஆறு நிமிசம். பேசி முடிக்கறப்பத் தொண்டை கட்டிப் போச்சு. நாலு லட்சம் பேர் பார்த்தாங்க. நாலு லட்சம்! மதுரையில இருந்து, பெங்களூர்ல இருந்து, துபாயில இருந்து எழுதறாங்க. அண்ணா எங்க மனசுல இருந்ததைச் சொல்லிட்டீங்க, தலைவா நீதான் ஆம்பளை, சோபாவைத் தூக்குடா வஜ்ரம். சோபாவைத் தூக்குங்கறதே எல்லா ஊர்லயும் கோஷமாப் போச்சு. சட்டையில அச்சடிச்சுப் போட்டுட்டுத் திரிஞ்சானுங்க.

எதுத்து எழுதினவங்களும் இருந்தாங்க, இல்லைன்னு சொல்லலை. அவங்களுக்கு நானே உக்காந்து பதில் போடுவேன். ஒரு செம்பருத்திப் பூப் படம் போட்ட ஆளு, 'எனக்கு அந்த சீட் பிடித்திருக்கிறது, தயவுசெய்து எடுக்க வேண்டாம்'னு எழுதியிருந்துச்சு. பிடிச்சா வீட்டுல ஒரு சோபா வாங்கிப் போட்டு உக்காரும்மான்னு போட்டேன். அதுக்கு மட்டும் ரெண்டாயிரம் பேர் சிரிச்சிருந்தாங்க. சிகா அதைப் படம் புடிச்சுக் கிளப்புக் குரூப்புல போட்டான். அன்னைக்கு நெம்ப சந்தோசமா இருந்தேன்.

ஆழியார் செக்போஸ்ட்டுங்களா? ஆமா, இனி வளைவு ஆரம்பிச்சிரும். நாப்பது வளைவு. நான் ஒம்பது தடவை ஏறியிருக்கறேன். இந்த டிரைவர் எப்படி ஓட்டறான் பாருங்க, பிரேக்கை மிதிக்கறதே ஒரு உதையாட்டம் இருக்குது. ஏம்ப்பா, பார்த்துப் போப்பா! உள்ள மனுசங்கதானே இருக்கறோம்!

மூணு வாரத்துல கம்பெனி பணிஞ்சான். சிகா போன் பண்ணிக் கத்தறான், அண்ணா ஜெயிச்சுட்டோம், சீட்டைத் தூக்கறானாம்னு. ரசிகர்கள் குரலுக்கு மதிப்பளித்துன்னு அறிக்கை. திண்டு கெடையாது, பொட்டி கெடையாது, மெலிசான வால். அந்தப் பழைய சீட்டு வெளிநாட்டுக்குப் போற வண்டிக்கு மட்டும். ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிட்டு ஓடினேனுங்க வீட்டுக்கு. இவ மெஷின்ல உக்காந்து எவனுதோ பேட்ஜு தைச்சிட்டிருக்கறா.

"அம்மிணி, சோபாவைத் தூக்கியாச்சு!"ன்னேன்.

மெஷினை நிறுத்தினா. "அப்படீங்களா. எனக்கு எப்ப வாங்கித் தர்றீங்க?"

"எதை?"

"சோபாவை. வாங்கிப் போட்டு உக்காருன்னு சொன்னீங்களே."

எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அவ செல்லை எடுத்து நீட்டினா. செம்பருத்திப் பூ. எங்க வீட்டு வாசல்ல இருக்கற செடிதான். அதுல பூத்ததைத்தான் படம் புடிச்சுப் போட்டிருக்கறா. தெனமும் அந்தச் செடியை உரசிட்டுத்தான் வண்டியை வெளிய எடுக்கறேன்.

"நீயாடி அது? எங்கிட்டச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னனுங்களே. கார்ல சொன்னேன். நீங்க கேக்கலை. அப்புறம் நாலு லட்சம் பேர் பார்க்கறாப்பல சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னா. அழுகலை, கத்தலை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். நீங்களே சொல்லுங்க, அது இவதான்னு தெரிஞ்சிருந்தா நான் அப்படி எழுதுவனா? வேற யாரோன்னு நெனைச்சுத்தானே எழுதினேன். வேற யாரோ ஒரு பொம்பளைன்னா எழுதலாந்தானே?

சரி விடுங்க.

ஜெயிச்சதுக்கு ஷோரூம்ல எனக்குப் பாராட்டு வச்சாங்க. சால்வை போத்தினாங்க. மாத்தின வண்டியைக் கொண்டாந்து நிறுத்தியிருந்தான். வால் எப்படி இருந்துச்சு தெரியுங்களா? கண்ணுல ஒத்திக்கலாம். ஓட்டிப் பார்க்கறேன்னேன். இன்னும் ரிஜிஸ்டர் ஆகலைங்க, கம்பெனி ஆள்தான் ஓட்டோணும், நீங்க பின்னாடி உக்காந்து வாங்க, படம் எடுக்கறோம்னாங்க. சரின்னு ஏறினேன். சூலூர் போயிட்டுத் திரும்பி வந்தோம். நாப்பது கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பையன் ஒவ்வொரு வேகத்தடைக்கும் எறக்கினான் பாருங்க, குண்டியில இருந்து மண்டை வரைக்கும் ஆணி அடிச்சாப்பல. புடிக்கறதுக்குக் கம்பி இல்லை. கால் வைக்க எடமில்லை. முன்னாடி ஒண்ணும் தெரியலை, அவன் சட்டைதான் தெரியுது. மெதுவாப் போடான்னு கத்தறேன், காத்துல அவனுக்குக் கேக்கலை. ஷோரூமுக்கு வந்து நிறுத்தினான். எல்லாரும் கை தட்டறாங்க. நான் எறங்கலை. எறங்க முடியலைங்க. அந்தப் பையன் சரியா ஓட்டலை, அதுதான் காரணம்.

அதே டாக்டர்கிட்டத்தான் தூக்கிட்டுப் போனாங்க. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாரு. பின்னாடி உக்காந்து போனீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். எவ்வளவு தூரம்? நாப்பது கிலோமீட்டர். பக்கத்துல நின்ன சாந்தாமணியைப் பார்த்தாரு, அவகிட்டக் கேக்கறாரு, "நீங்க எவ்வளவு தூரம்மா போனீங்க?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! வைத்தியம் பார்க்க வந்தவன்கிட்ட என்ன பேச்சு இது? பீஸை மேசையில எறிஞ்சுட்டு வந்துட்டேன். எறிஞ்சுட்டு நடந்து வர முடியலை, அவதான் தாங்கிப் புடிச்சுட்டு வந்தா.

ஒரு வாரம் எனக்கு எண்ணெய் தேய்ச்சு, ஒத்தடம் குடுத்து, எல்லாம் பண்ணினா. குறை சொல்ல மாட்டேன். எட்டாம் நாள் அந்த நஃபீஸா பொண்ணு வீட்டுக்கு வருது. வெளிநாட்டுக்குப் போற வண்டிக்கு அந்தப் பெரிய சீட்டை வால்பாறை மலைப்பாதையில வச்சுச் சோதிக்கோணுமாம். வண்டியை அந்தப் பொண்ணே ஓட்டுமாம். பின்னாடி உக்கார்றதுக்கு அனுபவம் உள்ள ஆள் வேணுமாம். "ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் பின் சீட்டுல போன ஆள் எங்க கம்பெனியிலயே இல்லீங்க சார்"ங்குது. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வந்திருக்குது. அந்தச் சீட்டுன்னா, நடுவுல நடுவுல நிறுத்தி நிறுத்தி, போகலாம்னுட்டாராம். எல்லாரும் கூட்டுச் சேர்ந்துட்டாங்க!

நான் குதிச்சேனுங்க, படுத்துட்டே. ஊர் என்ன பேசும், கிளப்புல என்ன சொல்லுவாங்க, நொய்யல் ரைடர்ஸ் குழந்தைவேலு சம்சாரம் சோபா வண்டியில போறாளான்னு கேக்க மாட்டாங்களான்னேன். அவ கம்பெனிக்காரி குடுத்த பாரத்தை வாங்கி, மெஷின் பலகையில வச்சு நிதானமா நிரப்பினா. எட்டிப் பார்த்தேன். அதுல அவ பேரு முதல் வரியில இருந்துச்சுங்க. லக்கேஜுன்னு தனியா ஒரு கட்டம், அதுல 'ஒரு பை'ன்னு எழுதினா.

அப்புறம் இந்த ஜாக்கெட்டை எடுத்துட்டு வந்தா. பிளேடை வச்சு அந்த ஒரு லட்சத்தை நூல் நூலாப் பிரிச்சா. ஏய், ஏய்ங்கறேன், எந்திரிக்க முடியலை. பிரிச்சு, கம்பெனியில அவளுக்குக் குடுத்த நீல ஜாக்கெட்டுல வச்சுத் தைச்சா. "இதுல பாதியாவது எனக்கு வருமுங்க. பாதியா வெட்ட மனசில்லை, அதான் முழுசா எடுத்துக்கறேன்"னா. கொழம்பு ஃப்ரிட்ஜ்ல இருக்குது, சூடு பண்ணிக்கங்கன்னா. போயிட்டா.

தெனமும் போன் பண்றா. அதுல கொறையில்லை. ஆனா என்ன பேசறாங்கறீங்க? "இன்னைக்கு வரையாடு பார்த்தனுங்க, குட்டியோட ஒம்பதாவது வளைவுல நின்னுச்சு. ஆழியார் டேம் முழுசும் மேல இருந்து தெரியுதுங்க, நீலமா. இதே ரோட்டுலதான் நாம ஒம்பது தடவை வந்தோமுங்களா?" ஏன், நான் ஓட்டறப்ப வரையாடு இல்லையா? டேம்ல தண்ணி இல்லையா? எல்லாம் இருந்துச்சு. இவ பார்க்கலைன்னா நான் என்ன பண்றது! அப்படின்னு போன்ல கத்திப்போட்டு வச்சுட்டேன். வச்சதுக்கப்புறம் வீடு எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு எனக்கு வரலீங்க. மெஷினுக்கு உறை போட்டு மூடி வச்சுட்டுப் போயிருக்கறா. அதைப் பார்த்தா ஆகறதில்லை.

கிளப்புக்காரனுங்க இன்னும் மோசம். சிகா போன் பண்றான், அண்ணா எங்க வீட்டுல உங்க வீடியோவைப் போட்டுக் காட்டித் திட்டறாங்கண்ணா, நான் சத்தமில்லாம அந்த சோபா சீட்டு தனியாக் கெடைக்குமான்னு கேட்டிருக்கறேன்னு. துரோகி! செல்லைப் புடிச்சு எடுத்தவனே அவந்தான்.

அதான் கெளம்பிட்டேன். கையோட கூட்டிட்டு வந்தர்றதுன்னு. போய் என்ன சொல்றதுன்னு ரோசனை பண்ணிட்டே வர்றேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. வா போலாம்னா வருவாளா? வர மாட்டாளுங்க. அது எனக்கே தெரியுது.

ஒண்ணு சொல்லிர்றனுங்க. இந்த மெத்தை டாக்டர் குடுத்ததில்லை. பொய் சொல்லிட்டேன். இது அவ தைச்சது. ஹம்பி போறதுக்கு முந்தின நாள், பழைய சேலையை மடிச்சு வச்சு, பின் சீட்டுல கட்டிக்கறதுக்குன்னு தைச்சா. கயிறுகூட இருக்குது பாருங்க, நாலு மூலையிலயும். போட்டோவுல அசிங்கமா இருக்கும், வீட்டுலயே வச்சிரு அம்மிணின்னேன். வச்சுட்டா. அலமாரியில அப்படியே மடிப்புக் கலையாம இருந்துச்சு. நேத்துதான் எடுத்தேன். நல்லா இருக்குதுங்க. நெம்ப நல்லாத் தைச்சிருக்கறா.

எத்தனாவது வளைவுங்க இது? ஒம்பதா?

இருங்க, இருங்க. அந்தா மேல எறங்கி வருது பாருங்க. வெள்ளை வண்டி. அந்த எருமைக் காது மிரர். அதேதான்! பஸ் திரும்பறதுக்காக ஓரமா ஒதுங்கி நிக்குது. பின்னாடி ஒசரத்துல, நீல ஜாக்கெட்டு, அது அவதானுங்க. சாந்தாமணி! ஏய் அம்மிணி! டிரைவர், நிறுத்துப்பா! அட, வளைவுல நிறுத்த முடியாதுன்னா என்னய்யா, ஒரு நிமிசம்! ஏங்க, உங்க பக்கந்தான் வருது, ஜன்னல் வழியாக் கையைக் காட்டுங்க, எனக்குத் திரும்ப முடியலை. இந்தப் பாழாப்போன பெல்ட்டு. காட்டினீங்களா? பார்த்தாளா?

போயிருச்சுங்களா.

திருப்பிக் கை காட்டுச்சுங்களா? பஸ்ஸுல போற யாருக்கோ காட்டற மாதிரியா? சரி. நான் உள்ள இருக்கறது அவளுக்கு எப்படித் தெரியும்.

பரவால்லைங்க. சாயங்காலம் மேலதான் வருவா, அங்க பார்த்துக்கலாம். நான் கேக்கறது அதில்லீங்க. நீங்க கிட்டக்கப் பார்த்தீங்கதானே, மூஞ்சி தெரியற ஹெல்மெட்டுதானே போட்டிருந்தா? பதினாலு வருசம் எனக்குப் பின்னாடிதான் உக்காந்து வந்தா. வண்டியில போறப்ப அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. மிரர்கூட வச்சிருக்கலை நான்.

ஏனுங்க, சொல்லுங்க. சிரிச்சிட்டா இருந்தா?